38 வயதில், மகளோடு சேர்ந்து, ரெக்ரியேஷன் சென்ரரில் தற்காப்புக் கலை தொடங்கலாமா?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 38, மகளுக்கு 8. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வீட்டுக்குக் கிட்ட உள்ள மாநகர சபையின் ரெக்ரியேஷன் சென்ரரில் கராத்தேயும் ஜூடோவும் குறைந்த கட்டணத்தில் பழக்குகிறார்கள். பக்கத்துப் பிளாசாவில் உள்ள தைக்குவாண்டோ பள்ளி ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கச் சொல்கிறது. மூன்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் நான் போய் நின்றால் பகிடியாக இருக்காதா என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆக, மலிவான இடத்துப் பழக்கம் உருப்படியாக இருக்குமா, இந்த வயதில் தொடங்கலாமா என்று இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் ஆம் என்பேன். முதலாவதற்கு மட்டும் சில நிபந்தனைகள் உண்டு. நான் ஜூடோக்காரன். பல வருடமாக ஒரு கழகத்தில் புதிதாக வருபவர்களுக்கு விழப் பழக்குவதுதான் என் வேலை. இளவயதில் ஊரில் கராத்தே பழகியிருக்கிறேன். தைக்குவாண்டோவை வெளியில் நின்று பார்த்ததோடு சரி. அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கலை என்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கராத்தேயில் கையும் காலும் அடிக்கும், தைக்குவாண்டோவில் காலுக்கு அதிக வேலை, ஜூடோவில் உடுப்பைப் பிடித்து எறிந்து தரையில் அமுக்குவது. ஜூடோ 1964இலிருந்தும் (1968இல் மட்டும் இல்லை) தைக்குவாண்டோ 2000இலிருந்தும் ஒலிம்பிக்கில் முழுமையான பதக்க விளையாட்டுகள். கராத்தே ரோக்கியோவில் ஒரே ஒரு முறை வந்தது, பாரிஸில் இல்லை. இவையெல்லாம் 15 வயதில் போட்டிக் கனவோடு நிற்கும் பிள்ளைக்கு வேண்டிய தகவல்கள். உங்களுக்கு வேண்டியவை மூன்றுதான்: வகுப்பு எந்த நாள், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், யார் பழக்குகிறார். செப்ரெம்பரில் சேருகிறவர்களில் பலர் ஜனவரியில் காணாமல் போவது கலை பிடிக்காமல் இல்லை. வேலை முடிந்து, சமைத்து, இருட்டில், மைனஸ் பதினைந்தில் இரண்டு பஸ் மாறி யார் போவது? பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் சுமாரான வகுப்பு, நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கும் அருமையான வகுப்பைவிட உங்களுக்கு அதிகம் தரும். நம்முடைய சிலம்பம் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். ஸ்காபரோவில் அதைப் பழக்குபவர்களும் இருக்கிறார்கள். கிட்ட இருந்தால் அதற்கும் இதே அளவுகோல்தான்.

இப்போது ரெக்ரியேஷன் சென்ரர். ரொறன்ரோ மாநகர சபையின் வகுப்புகள் தவணை முறையில், சில வாரத் தொடர்களாக நடக்கின்றன. பதிவு நாளில் காலை 7 மணிக்கு இணையம் திறக்கும், நல்ல வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். முதல் நாளே கணக்கைத் திறந்து, வகுப்பைத் தேடிக் குறித்து வைத்திருங்கள். நிரம்பிவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் பெயரைக் கொடுங்கள். முதல் இரண்டு வாரத்தில் விலகுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வெல்கம் பொலிசி என்று ஒரு உதவித் திட்டம் உண்டு. அதில் தகுதி பெற்றால் வகுப்புக் கட்டணத்துக்கு மாநகர சபையே வரவு வைக்கும். சில நிலையங்களில் வகுப்புகள் முற்றிலும் இலவசம். வெட்கப்படாமல் விசாரியுங்கள், அது அதற்காகவே வைத்த பணம்.

இந்த வகுப்புகளின் உண்மையான குறை கட்டணத்தில் இல்லை, தவணையில் இருக்கிறது. ஒவ்வொரு தவணையும் பாதிப்பேர் புதியவர்கள். மாஸ்ரர் பாவம், ஒவ்வொரு முறையும் வணக்கம் சொல்வதிலிருந்து, நிற்பதிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று தவணை தொடர்ந்து போனால் ஒரே முதல் பாடத்தை மூன்று முறை படித்தது போல இருக்கும். ஆகவே இதை வாசற்படியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு தவணையில் இது உங்களுக்கும் மகளுக்கும் பிடிக்கிறதா, உடம்பு ஒத்துழைக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடித்தால் அடுத்த படி கழகம். இங்கே பல ஜூடோ கழகங்கள் இலாப நோக்கில்லாதவை. தொண்டர்களால் நடப்பவை, சில அதே கொம்யூனிற்றி சென்ரர் மண்டபங்களை வாடகைக்கு எடுத்துத்தான் நடத்துகின்றன. நோர்த் யோர்க்கில் உள்ள ஜப்பானிய கனேடியர் கலாசார நிலையத்தில் ஜூடோ, கெண்டோ என்னும் வாள் கலை, கராத்தே எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. சேராவிட்டாலும் ஒருநாள் போய்ப் பாருங்கள்.

நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு கதை இதில் உண்டு. கனடாவில் முதல் ஜூடோ கழகத்தை 1924இல் வான்கூவரில் தொடக்கியவர் ஷிகெற்றாக்கா சசாக்கி. 1942இல் அரசாங்கம் ஜப்பானியக் கனேடியர்களை மேற்குக் கரையிலிருந்து அகற்றி முகாம்களில் வைத்தது. முகாமுக்குள்ளும் பழகினார்கள். போர் முடிந்த பிறகும் 1949 வரை கரைக்குத் திரும்ப விடவில்லை. அப்படி ஊர் திரும்ப முடியாமல் கிழக்கே வந்தவர்கள் கையோடு கொண்டு வந்ததுதான் ஒன்ராறியோவில் பரவிய ஜூடோவின் பெரும் பகுதி. 2024 பாரிஸில் கிறிஸ்ரா டெகுச்சி கனடாவுக்கு ஜூடோவில் முதல் ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தபோது எங்கள் கழகத்துப் பெரியவர்கள் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிளாசாப் பள்ளியைப் பற்றி. தனியார் பள்ளி என்றாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் வகுப்பு, நல்ல மெத்தை, பிள்ளையின் பெயர் தெரிந்த மாஸ்ரர் என்று ரெக்ரியேஷன் சென்ரர் தர முடியாத பலவற்றை நல்ல பள்ளிகள் தருகின்றன. ஆனால் கையெழுத்து வைக்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உடற்பயிற்சி நிலையங்களோடு தற்காப்புக் கலைப் பள்ளிகளையும் சேர்த்தே சொல்கிறது. முன்பணம் வாங்கும் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். வந்த பிறகு 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். மொத்தமாகக் கட்டாமல் தவணையாகக் கட்டும் வழியும் இருக்க வேண்டும். 'இன்றைக்கே வைத்தால் தள்ளுபடி' என்று அவசரப்படுத்தினால், பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு வரும் முகபாவம் உங்களுக்குப் போதும். கறுப்புப் பட்டி உத்தரவாதம், இரண்டு வருடத்தில் நிச்சயம் என்றால் எழும்பி வந்துவிடலாம்.

எங்கே சேர்ந்தாலும் முதலில் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பார்க்க விடமாட்டோம் என்கிற இடம் வேண்டாம். மாஸ்ரர் எவ்வளவு உயரம் உதைக்கிறார் என்று பார்ப்பதில் பயனில்லை. வகுப்பிலேயே பலவீனமான ஆளைத் தேடிப் பிடித்து, அவரையே ஒரு மணித்தியாலம் கவனியுங்கள். மூச்சு வாங்கி ஓரத்தில் நிற்கும் மாமா, இடது வலது தெரியாமல் திண்டாடும் பிள்ளை, யாராவது ஒருவர் இருப்பார். அவரிடம் யாராவது போகிறார்களா? மாஸ்ரர் அவரை வைத்துப் பகிடி பண்ணுகிறாரா, ஒன்றைத் திருத்திவிட்டு அடுத்த ஆளிடம் போகிறாரா? பாரமான ஆளையும் மெலிந்த ஆளையும் சோடி சேர்த்துவிட்டுத் தொலைபேசியைப் பார்க்கிறாரா? முதல் மாதத்தில் நீங்கள்தான் அந்த ஆள். உங்களை எப்படி நடத்துவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல முன்னோட்டம் கிடையாது. பிறகு பயிற்றுநரிடம் நேரடியாகக் கேளுங்கள்: பொலிஸ் சோதனைச் சான்று இருக்கிறதா, முதலுதவி தெரியுமா, தேசியப் பயிற்றுநர் சான்றிதழ் எடுத்திருக்கிறாரா. பிள்ளைகளோடு வேலை செய்கிற யாருக்கும் இங்கே இவை வழமையான கேள்விகள், யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அதுவும் ஒரு பதில்.

ஜூடோ என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், அது விழப் பழக்கும் விதம். புதியவரை முதல் நாளே எறிகிற வகுப்பில் மகளை விடாதீர்கள். ஜப்பானியப் பாடசாலைகளில் 1983 முதல் சுமார் முப்பது வருடத்தில் நூற்றுக்கும் அதிகமான மாணவர்கள் ஜூடோவில் இறந்தார்கள். பெரும்பாலும் தலைக்காயம், அதிலும் பலர் சேர்ந்து ஒரு வருடம் ஆகாத புதியவர்கள். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கவனமாகப் பழக்கும் கழகத்தில் நிலைமை முற்றிலும் வேறு. ஆனால் முதல் வாரங்களில் விழுவதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லையே என்று சலிப்பு வந்தால், இது ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முறை இதுதான். முதலில் மெத்தையில் மல்லாக்கப் படுக்கச் சொல்வோம். நாடியை நெஞ்சோடு ஒட்டி, பட்டியின் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்போது பின்தலை தரையைத் தொட முடியாது. கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்து, இரண்டையும் ஒன்றாக உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கிச் சாய்வாக மெத்தையில் அடிக்க வேண்டும், உள்ளங்கை மட்டுமல்ல, முழங்கை வரை முழுக்கை. அடிக்கும்போது மூச்சு வெளியே போக வேண்டும். அது சரியாக வந்தபின் குந்தியிருந்து பின்னால் உருளுவது, அதற்குப் பிறகுதான் நின்றபடி. எல்லாரும் செய்கிற பிழை ஒன்று உண்டு: பின்னால் விழும்போது கையை நீட்டித் தரையை ஊன்றப் பார்ப்பார்கள். மணிக்கட்டு உடைவது அப்படித்தான். பெப்ரவரியில் இந்த ஊர் அவசர சிகிச்சைப் பிரிவில் போய் உட்கார்ந்தால், தூவாலையில் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு வரும் ஆட்களைக் காணலாம். ஐஸில் சறுக்கும்போது கையால் தரையை அடிக்க வேண்டாம், அது மெத்தைக்கு மட்டும். நாடி உள்ளே, முதுகு வளைவு, கையை ஊன்றாமை, இந்த மூன்றும் வெளியிலும் உதவும். எத்தனை மாதத்தில் இது யோசிக்காமல் தானாக வரும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. சிலருக்கு ஒரு தவணையில் வரும், சிலருக்கு ஒரு வருடம் போகும். ஆனாலும் நான் பழக்கியவற்றில் அன்றாட வாழ்க்கைக்கு அதிகம் பயன்பட்டது எது என்று கேட்டால் எறிகிற வித்தை எதையும் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

உங்கள் வயது. 38 ஒன்றும் பிந்திய வயதில்லை. முதல் மாதம் தொடையும் கழுத்தும் நோகும், பிடிக்கிற விரல்கள் நோகும், அது இயல்பு. முழங்கால் உள்ளே நோவது, மூட்டு வீங்குவது, நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று இவை இயல்பில்லை. உடனே நிறுத்த வேண்டும். நான் வைத்தியன் இல்லை, அதனால் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நீரிழிவு, இரத்த அழுத்தம், பழைய முழங்கால் காயம், கர்ப்பம் என்று எது இருந்தாலும் முதலில் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். நம் ஆட்களிடம் நீரிழிவு அதிகம். வெறுங்காலோடு பழகும் கலை இது, ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் சின்னக் காயம் தெரியாமலே பெரிதாகும். மூன்றில் ஜூடோவில்தான் முழங்காலும் தோளும் அதிகம் அடிபடும் என்பதை ஜூடோக்காரனாகவே ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழி, வேகமான சுதந்திரச் சண்டைப் பயிற்சியை முதல் ஆறு மாதம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது. சொன்னால் நல்ல மாஸ்ரர் தலையாட்டுவார். இருபது வயதுப் பொடியனோடு மோதிப் பார்க்கும் ஆசை உங்களைவிட உங்கள் வயது ஆண்களுக்குத்தான் அதிகம் வரும், அவர்கள்தான் அதிகம் காயப்படுவார்கள். ஆண்களோடு பிடித்துப் பழகக் கூச்சமாக இருந்தால் பெண் சோடி வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். இது புதுக் கோரிக்கை இல்லை. பகிடி பண்ணுவார்கள் என்ற பயம் வேண்டாம். எல்லாருக்கும் தங்கள் கால் எங்கே என்று தேடவே நேரம் போதாது.

மகளைப் பொறுத்தவரை நிச்சயமானது இவ்வளவு: ஓடுவாள், உருளுவாள், சமநிலை வரும், வேறு பிள்ளைகளோடு முறை வைத்துப் பழகுவாள், இரவு நன்றாக நித்திரை கொள்வாள். ஒழுக்கம் வரும், படிப்பில் கவனம் கூடும், பாடசாலையில் சீண்டல் நிற்கும் என்று விளம்பரத்தாளில் போடுகிறார்களே, அதெல்லாம் சந்தேகத்துக்குரியவை. சில பிள்ளைகளில் மாற்றத்தைக் கண்டிருக்கிறேன். ஆனால் அது கலையால் வந்ததா, அன்பான ஒரு மாஸ்ரரால் வந்ததா, அல்லது ஒரு வயது கூடியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. போட்டிக்கு அவசரம் வேண்டாம். 2022இல் ஜப்பானிய ஜூடோ சம்மேளனமே ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் தேசியத் தனிநபர் போட்டியை நிறுத்திவிட்டது. பெற்றோரும் பயிற்றுநர்களும் வெற்றி வெறியில் பிள்ளைகளை வதைக்கிறார்கள் என்பதே காரணம். இந்த வயதில் கழுத்து நெரிப்பும் கை மூட்டு முறுக்கும் பழக்கக் கூடாது. பழக்கினால் கேள்வி கேளுங்கள். தலை அடிபட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், 'பரவாயில்லை, விளையாடட்டும்' என்பதே இல்லை. ஒன்ராறியோவில் இதற்கு ரோவன் சட்டம் என்று ஒரு சட்டமே 2018இல் வந்தது. றக்பி விளையாடித் தலையில் அடுத்தடுத்து அடிபட்டு 2013இல் இறந்த 17 வயது ரோவன் ஸ்ரிங்கர் பெயரில் வந்த சட்டம் அது. பின்னர் போட்டிக் கழகத்தில் சேர்க்கும்போது அது பற்றிய தாளை வாசித்துக் கையெழுத்துக் கேட்பார்கள். வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். இருவரும் ஒரே வகுப்பில் நிற்க முடியுமா என்பது நிலையத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் வயது பிரித்தே வைத்திருப்பார்கள். அது நல்லதுதான். அம்மா பக்கத்தில் நின்றால் பிள்ளை மாஸ்ரரைப் பார்க்காது, அம்மாவைத்தான் பார்க்கும்.

தற்காப்புக்கு உதவுமா என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்கலாம். வாரம் ஒருநாள், ஒரு மணித்தியாலம், பத்து வாரம் பழகிவிட்டுத் தெருவில் ஒருவரைச் சமாளிக்கலாம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். வர்மப் புள்ளியில் ஒரு விரல் வைத்தால் ஆள் சாய்வான் என்பவரிடமிருந்து இன்னும் தள்ளியே நில்லுங்கள். எதிர்த்து இழுக்கிற ஒரு ஆளோடு வாரக்கணக்கில் பழகினால் பிடியிலிருந்து விலகவும் பதறாமல் இருக்கவும் கொஞ்சம் வரும். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

பட்டிகளைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன். 1882இல் கொடோக்கான் என்ற பள்ளியைத் தொடக்கி ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோதான் இந்தப் படிநிலையையும் கறுப்புப் பட்டியையும் கொண்டு வந்தவர், கராத்தேயும் தைக்குவாண்டோவும் பிறகு எடுத்துக்கொண்டன. மஞ்சள், செம்மஞ்சள், பச்சை என்று இத்தனை நிறங்கள் ஐரோப்பாவில் ஜூடோ பழக்கப்பட்டபோது சேர்ந்தவை. பிள்ளைகளுக்கு அவை பிடிக்கும், பிடிக்கட்டும். ஒவ்வொரு பட்டிக்கும் சோதனைக் கட்டணம் எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை சோதனை என்பதைச் சேரும் முன்பே கேட்டு மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். சில இடங்களில் மாதக் கட்டணத்தைவிட அது அதிகமாக இருக்கும். ரெக்ரியேஷன் சென்ரரில் கிடைக்கும் பட்டியைக் கழகம் ஏற்குமா என்பதும் கேட்க வேண்டியது. ஏற்காவிட்டால் பெரிய நட்டமில்லை, மஞ்சள் பட்டியை இரண்டாம் முறை எடுப்பது சுலபம்.

முதல் தவணைக்கு உடுப்பு வாங்க வேண்டாம். முழங்கால் மூடும் கழுசானும் தடித்த முழுக்கைச் சட்டையும் போதும். ஜூடோவுக்கு மட்டும், பழைய உடுப்பு இரவல் இருக்கிறதா என்று மாஸ்ரரிடம் கேளுங்கள், அலுமாரியில் எப்போதும் நாலைந்து கிடக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், தோடு, வளையல், தாலிக்கொடி எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். மெத்தைக்கு வெளியே கழிவறைக்குப் போகச் செருப்பு கட்டாயம், படர்தாமரை பரவுவது பெரும்பாலும் இந்த ஒழுங்கில்லாத இடங்களில்தான். இரண்டாம் தவணைக்குப் புது உடுப்பு வாங்கினால் மகளுக்கு ஒரு அளவு பெரிதாக எடுங்கள். பருத்தித் துணி, குளிர்தண்ணீரில் தோய்த்துக் காற்றில் காயப் போடுங்கள். ட்ரையரில் போட்டால் ஒரே நாளில் கைநீளம் முழங்கைக்கு வந்துவிடும்.